வானில் இரண்டு மணி நேரம். வழியில் இரண்டு நாள்

மதுரைக்கும் ஒடிஸா மாநிலத்தின் ஜார்சுகுடாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு எவ்வளவு என்று கணினியில் தேடினால் ஒரு நொடியில் விடை கிடைத்துவிடும்: ஏறத்தாழ 1,490 கி.மீ. பறக்கும் நேரம் எவ்வளவு என்பதற்கும் விடை உண்டு: இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கணக்கின்படி இரண்டுமே சரி. ஆனால், அந்த இரண்டு மணி நேரத்தில் மதுரையிலிருந்து ஜார்சுகுடாவுக்குப் போய்ச் சேர வழியில்லை. இரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவை என்ற கேள்வி எழலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியின் நூற்பாலைகளுக்குச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். 1936-இல் தொடங்கப்பட்ட ராஜபாளையம் மில்ஸ் முதல் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள் வரை, இந்த வட்டாரத்தின் வாழ்வு பஞ்சையும் நூலையும் சார்ந்தது. உள்ளூர் இளைஞர்கள் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்ட நிலையில், தமிழகத்தின் நூற்பாலைகள் பலவும் ஒடிஸா, ஜார்க்கண்ட், பிகார் தொழிலாளர்களை நம்பி இயங்குகின்றன. சம்பல்பூர், பலாங்கீர், சுந்தர்கர் போன்ற மேற்கு ஒடிஸா மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு எட்டும் தொலைவில் உள்ள விமான நிலையம் ஜார்சுகுடா.

ராஜபாளையத்துக்கும் ஒடிஸாவுக்குமான உறவு இன்று தொடங்கியதன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசுவாமி ராஜா, பின்னர் ஒடிஸாவின் ஆளுநராகவும் பணியாற்றினார். அன்று ஒரு தலைவர் அங்கே சென்றார். இன்று ஆயிரக்கணக்கான எளியவர்கள் அங்கிருந்து தெற்கு நோக்கி வருகிறார்கள். வருவதைவிட, அவசரத்தில் திரும்பிச் செல்வதுதான் அவர்களுக்குப் பெருந்துயரம்.

ராஜபாளையத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம். அங்கு அடுத்த ரயிலுக்கான காத்திருப்பு. பிறகு ஆந்திரம் வழியாக ஒரு பகலும் ஓர் இரவும். ஊரில் தந்தை இறந்த செய்தி வந்தவுடன் புறப்பட்டாலும், மகன் போய்ச் சேரும்போது ஈமச்சடங்கு முடிந்திருக்கும். 'இரண்டு மணி நேரத் தொலைவு' என்று கணினி சொல்லும் ஊருக்கு இரண்டு நாள் பயணம் என்பதன் பொருள் இதுதான்.

விமானத் தொலைவும் நேரமும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், கோளாறு எங்கே என்பது தெளிவாகும். பூமியின் வளைந்த பரப்பின் மீது இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமே வான்வழித் தொலைவு. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்திலும், ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவிலும் செல்கின்றன. தொலைவை வேகத்தால் வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் மேலே ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரம் சேர்த்தால் ஏறத்தாழச் சரியான பயண நேரம் கிடைத்துவிடும். அதன்படி மதுரை - ஜார்சுகுடா ஜெட் விமானப் பயணம் 2 மணி 20 நிமிடம்.

நேரடி விமானம் இல்லாததால் பெங்களூரில் இறங்கி மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 375 கி.மீ.; அங்கிருந்து ஜார்சுகுடாவுக்கு 1,180 கி.மீ. மொத்தம் 1,555 கி.மீ. நேரடி வழியைவிட 65 கி.மீ. மட்டுமே கூடுதல்! தொலைவு ஐந்து விழுக்காடுகூட அதிகரிக்கவில்லை. ஆனால், நேரமோ இரு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்குச் சாலைவழி ஏறத்தாழ 85 கி.மீ.; இரண்டு மணி நேரம். விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே அங்கிருக்க வேண்டும். பெங்களூருக்கு ஒன்றேகால் மணி நேரம். அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு, எல்லாம் கூடிவந்தால் மூன்று மணி நேரம். கூடிவராவிட்டால் ஓர் இரவு. பிறகு இரண்டு மணி நேரப் பயணம். வெளியே வந்து ஊர் போய்ச் சேர மேலும் சில மணி நேரம். மிகச் சிறந்த சூழலிலும், ஜார்சுகுடாவில் தரையிறங்குவதற்கே பத்து மணி நேரம் ஆகிவிடும். அதில் வானில் கழிவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே.

நமது விமானப் போக்குவரத்துக் கொள்கை இதை எப்படிப் பார்க்கிறது? 2016-இல் அறிவிக்கப்பட்ட 'உடான்' என்னும் வட்டார விமான இணைப்புத் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ஆம் தேதி சிம்லா - தில்லி தடத்தில் பறந்தது. ரப்பர் செருப்பு அணிந்த எளியவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாக முன்வைக்கப்பட்டது. ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவுள்ள ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்ற உச்சவரம்புடன் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட விமான நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் நிதியுதவி அளிக்கப்பட்டது.

நோக்கத்தில் குறையில்லை. ஆனால், அது தேர்ந்துகொண்ட அளவுகோல் குறுகிய தொலைவு. ஒரு சிறு நகரத்தை அருகிலுள்ள பெருநகரத்துடன் இணைப்பதையே அது இணைப்பு என்று கருதியது. குறுகிய தொலைவில் விமானத்தின் மேன்மை என்ன என்பதற்கு ராஜபாளையம் - சென்னை பயணமே சான்று.

நேர்கோட்டில் ஏறத்தாழ 485 கி.மீ. தொலைவு. மதுரை வழியாக விமானத்தில் சென்றால் சாலைப் பயணம், காத்திருப்பு, வான்பயணம், சென்னை நெரிசல் அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ ஆறு மணி நேரம். விருதுநகர் சென்று 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் ரயிலில் ஏறினால், சாலைப் பயணமும் சேர்த்து ஏறத்தாழ எட்டு மணி நேரம். மிச்சமாவது இரண்டு மணி நேரம். பொதிகை விரைவு ரயிலில் இரவு உறங்கிக்கொண்டே செல்வோருக்கு ஒரு பகல் பொழுதுகூட வீணாவதில்லை. அதாவது 500 கி.மீ. தொலைவில் விமானம் ரயிலை வென்றாலும், அது பெயரளவிலான வெற்றிதான். 1,500 கி.மீ. தொலைவிலோ இரண்டு நாளை அரை நாளாகச் சுருக்கக்கூடிய ஆற்றல் விமானத்துக்கு மட்டுமே உண்டு. எங்கே விமானத்தால் பெரும்பயன் இல்லையோ அங்கே மானியம். எங்கே அது இன்றியமையாததோ அங்கே வழித்தடமே இல்லை.

இதன் விளைவை மத்திய கணக்குத் தணிக்கைத் துறையின் (சிஏஜி) 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் காணலாம். உடான் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 வழித்தடங்களில் விமானச் சேவை தொடங்கப்படவே இல்லை. தொடங்கப்பட்ட 371 தடங்களில், மானியத்துக்குரிய மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54 மட்டுமே. ஒதுக்கப்பட்டவற்றில் இது ஏழு விழுக்காடு. விமான நிலையங்கள் ஆயத்தமாகாதது, விமானங்கள் கிடைக்காதது என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், மானியம் நின்றதும் பயணிகள் தாமாக முன்வந்து காப்பாற்றும் அளவுக்கு அந்தத் தடங்களில் பல அவர்களுக்கு இன்றியமையாதவையாக இல்லை என்பதும் உண்மை.

சேலம் இதற்கு நாமறிந்த எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து நேர்கோட்டில் 265 கி.மீ. தொலைவில் உள்ள சேலத்துக்கு 2018 மார்ச்சில் உடான் விமானம் வந்தது. 2021-இல் நின்றுபோனது. மீண்டும் 2023 அக்டோபரில்தான் சேவை தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேலம் மக்கள் ரயிலிலும் பேருந்திலும் சென்னைக்குச் சென்று வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தொலைவு வரம்பு ஒரு தடை என்பதை அரசும் உணர்ந்தது. 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உடான் 5.0 திட்டத்தில், வழித்தடம் 600 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், மானியம் 600 கி.மீ. தொலைவு வரையிலுமே கணக்கிடப்படும். 1,490 கி.மீ. பறக்கும் நிறுவனத்துக்கு எஞ்சிய 890 கி.மீ.க்கு உதவி கிடையாது. கதவு திறக்கப்பட்டிருக்கிறது, உள்ளே வருவதற்கான ஊக்கம்தான் இல்லை.

ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ அருகிலேயே ஒரு விமான நிலையம் அமைத்துவிட்டால் தீர்வு கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். கிடைக்காது. நேர்கோட்டில் பார்த்தால் ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் 73 கி.மீ., தூத்துக்குடி 96 கி.மீ., மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவனந்தபுரம் 130 கி.மீ. தொலைவில் உள்ளன. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்திலிருந்து 150 கி.மீ.க்குள் புதிய விமான நிலையத்தை எளிதில் அனுமதிப்பதில்லை என்பது 2008-ஆம் ஆண்டின் பசுமைவெளி விமான நிலையக் கொள்கை. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். கிழக்கே வேளாண் நிலங்களும் கண்மாய்களும். மூன்று விமான நிலையங்களுக்கு நடுவே நான்காவதாக ஒன்று வந்தாலும், அங்கிருந்து பறக்கப் போவது சென்னைக்கும் பெங்களூருக்கும்தான்.

தூத்துக்குடி அதற்குச் சான்று. வாகைகுளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலை 26-ஆம் தேதி புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டது. ஏடிஆர் மட்டுமே இறங்கிய இடத்தில் இப்போது பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியும். தென் தமிழகத்துக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால், ஓடுபாதையின் நீளம் கூடியதால் மட்டும் வழித்தடங்களின் நீளம் கூடிவிடாது. மதுரையின் ஓடுபாதையை நீட்டிக்கும் கோரிக்கையும் நியாயமானதே. எனினும், இப்போதுள்ள 2,285 மீட்டர் ஓடுபாதையிலேயே 180 இருக்கைகள் கொண்ட ஜெட் விமானங்கள் நாள்தோறும் வந்து செல்கின்றன. 2018 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஜார்சுகுடாவிலும் அவை இறங்க முடியும். இரு முனைகளிலும் பாதை தயார். இல்லாதது விமானம் மட்டுமே.

'தேவை இருந்தால் நாங்களே இயக்க மாட்டோமா?' என்று விமான நிறுவனங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அவை வணிக நிறுவனங்கள். ஆனால், தேவையை எப்படி அளக்கிறோம்? விமானம் பறக்கும் இரு நகரங்களுக்கு இடையிலான பயணிகள் எண்ணிக்கையே புள்ளிவிவரமாக வெளிவருகிறது. ஜார்சுகுடா செல்வதற்காகப் பெங்களூரில் மாறுபவர், அந்தக் கணக்கில் மதுரை - பெங்களூர்ப் பயணியாகவும், பெங்களூர் - ஜார்சுகுடாப் பயணியாகவும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார். முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் நின்றுகொண்டே செல்பவரோ, கட்டணத்துக்கும் நேரத்துக்கும் அஞ்சிப் பயணத்தையே கைவிட்டவரோ எந்த விமானக் கணக்கிலும் வருவதில்லை. பாலம் இல்லாத ஆற்றை எத்தனை பேர் நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, பாலம் தேவையில்லை என்று முடிவு செய்வது போன்றது இது.

ஆலைத் தொழிலாளரால் விமானக் கட்டணம் செலுத்த இயலுமா என்பது அடுத்த கேள்வி. எல்லா நேரமும் இயலாது. ஆனால், ரயிலில் செல்லும் இரண்டு நாள், திரும்பும் இரண்டு நாள் என நான்கு நாள் ஊதியத்தை இழப்பதும், வழிச்செலவும் கணக்கில் சேர வேண்டும். அந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், மிதமான கட்டணத்தில் நேரடி விமானம் கிடைக்கும்போது ரயிலுக்கும் விமானத்துக்குமான இடைவெளி வெகுவாகக் குறையும். தொழிலாளர் விடுப்பில் சென்றால் ஓரிரு வாரம் திரும்ப முடியாத நிலை ஆலைக்கும் இழப்புதான். பஞ்சு கொள்முதலுக்காகக் குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் செல்லும் ஆலை நிர்வாகிகளின் நேரமும் இதே போன்று இடைநிலை விமான நிலையங்களில்தான் கரைகிறது. மதுரையிலிருந்து ஆமதாபாதுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,580 கி.மீ.; ஜார்சுகுடாவின் தொலைவுக்கு நெருக்கமான அளவுதான் அது.

உலக அனுபவம் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. பிரான்ஸில் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் செல்ல முடிந்த உள்நாட்டுத் தடங்களில் விமானத்தைத் தடை செய்யும் விதி 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பாரீஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் நகரங்களுக்கான விமானங்கள் அதனால் நின்றன. கி.மீ. கணக்கைவிட, மாற்று வழியில் ஆகும் நேரமே அங்கு அளவுகோல். அமெரிக்காவில் 1978 முதல் சிறு நகரங்களுக்கான இன்றியமையா விமானச் சேவைத் திட்டம் செயல்படுகிறது. அதன் உதவிக்குரிய நகரம், அருகிலுள்ள பெரிய விமான நிலையத்திலிருந்து சாலைவழியில் குறைந்தது 70 மைல் தொலைவில் இருக்க வேண்டும். பயணி தரையில் கடக்க வேண்டிய தொலைவையும் அந்நாடு கணக்கில் கொள்கிறது. இந்த இரண்டு அளவுகோல்களும் நமது கொள்கையில் இல்லை.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. முதலாவதாக, ரயிலில் பத்து மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தடங்களுக்கு அளிக்கும் மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் தடங்களுக்கு மாற்ற வேண்டும். ரயில் எட்டாத மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம். சுற்றுச்சூழல் நோக்கிலும் இதுவே சரி. குறுகிய பயணங்களை ரயில் ஏற்றுக்கொள்ளும்போது விமான எரிபொருள் உண்மையான தேவைக்கு மட்டும் செலவாகும்.

இரண்டாவதாக, நாள்தோறும் விமானம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, வாரம் இரு முறை என்று தொடங்கலாம். 180 இருக்கைகள் கொண்ட விமானம் வாரம் இரு முறை சென்றால் ஒரு திசையில் 360 பேர். விருதுநகர், மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் ஆலைகளும் கட்டுமானத் தொழிலும் சேர்ந்தால் இது எட்ட முடியாத எண்ணிக்கையன்று. தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும், மேற்கு ஒடிஸா மக்கள் கொண்டாடும் நுவாகாய் அறுவடைத் திருவிழாக் காலத்திலும் முதலில் சோதனை முறையில் இயக்கிப் பார்க்கலாம். ஆலை அதிபர்கள் சங்கங்கள் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு உறுதியளித்தால் விமான நிறுவனத்தின் அச்சம் பாதி நீங்கும்.

மூன்றாவதாக, மாநில அரசின் பங்கு. விமான எரிபொருள் மீதான மதிப்புக் கூட்டு வரி தமிழகத்தில் நெடுங்காலமாக 29 விழுக்காடாக இருந்துவந்தது. உடான் தடங்களுக்கு மாநிலங்கள் இவ்வரியை ஒரு விழுக்காடாகக் குறைக்கின்றன. மதுரை, தூத்துக்குடியிலிருந்து புதிதாகத் தொடங்கப்படும் தொலைதூரத் தடங்களுக்கு மட்டுமாவது அதே சலுகையைச் சில ஆண்டுகள் வழங்கலாம். இன்று இல்லாத விமானத்திலிருந்து அரசுக்கு இன்று வரியும் இல்லை. எனவே இழப்பும் இல்லை.

நான்காவது, மிக எளியது. திருமங்கலம் - ராஜபாளையம் இடையே 71.6 கி.மீ. நான்குவழிச் சாலை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தால் பயணத்தில் அரை மணி நேரமாவது மிச்சமாகும். அதனுடன், ராஜபாளையத்தில் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வழியாக, கப்பலூரில் சுற்றுச்சாலையில் திரும்பி, மதுரை நகருக்குள் நுழையாமலேயே விமான நிலையத்தை அடையும் அரசுப் பேருந்துகளை விமான நேரங்களுக்கு ஏற்ப இயக்க வேண்டும். வாடகைக் காருக்குச் செலுத்தும் தொகை விமானக் கட்டணத்தோடு போட்டியிடும் நிலையில், எளியவரின் விமானப் பயணம் பேருந்து நிலையத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

ஒரு விமான நிலையத்தின் தகுதியை அதன் முனையத்தின் பளபளப்பையும் ஓடுபாதையின் நீளத்தையும் கொண்டு மதிப்பிடப் பழகிவிட்டோம். அங்கிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணி நேரத்தில், யார் செல்ல முடிகிறது என்பதே உண்மையான மதிப்பீடு. தொலைவை மாற்ற எந்த அரசாலும் முடியாது, 1,490 கி.மீ. என்றும் 1,490 கி.மீ.தான். நேரத்தை மாற்ற முடியும். அதைச் செய்வதற்குத்தான் விமானமும் கொள்கையும்.